இறக்கி வைக்க ஒரு கல்

(மே 23 மாலை, பாளையங்கோட்டையில் முன்னாள் படைவீரர்கள் கூட்டிய நினைவுக் கூட்டத்தில் பேசியது. நடுவில் இரண்டு முறை மைக் நின்றுபோனதால் பின்வரிசைக்குக் கேட்காமல் போன வரிகளையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உள்ளே நாற்காலி இருக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும் வாசலில்தான் நிற்பேன் என்று அடம்பிடிக்கும் தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சுபேதார் மேஜர் அண்ணாச்சி அவர்களுக்கு முதல் வணக்கம். ஓய்வு பெற்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காருகிற மனிதர். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கும் தானாக முதுகு நிமிர்ந்துவிடுகிறது. அவருக்கு வலப்பக்கம் நம் பங்குத்தந்தை அவர்கள். மாலையில் திருப்பலி இருந்தும் அதை முடித்துவிட்டு ஓட்டமாக வந்திருக்கிறார். அவருக்கு அடுத்து சேகரகுரு ஐயரவர்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் குழம்ப வேண்டாம், எங்கள் பக்கத்தில் சர்ச்சிலும் ஐயர் உண்டு, கோயிலிலும் ஐயர் உண்டு. மேலப்பாளையத்திலிருந்து ஹஜ்ரத் அவர்கள் வந்திருக்கிறார்கள். வரும் வழியில் வண்ணார்பேட்டை போக்குவரத்தில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டும் முகம் சுளிக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறார்களே, அதற்கே தனியாக ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும். மாமன்ற உறுப்பினர் தங்கை அவர்கள் பாதியில் கிளம்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அவர் கிளம்புவதற்குள் என் கோரிக்கையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பதைப்பு இருக்கிறது. அப்புறம், கடைசி நாற்காலியில் இருக்கும் பெரியவர். அவரை மறந்தால் இன்று ராத்திரி எனக்குச் சோறு கிடையாது. அவர் என் மைத்துனர்.

யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்கவும். அக்னி நட்சத்திரம் முடியவில்லை, மண்டைக்குள் எல்லாம் உருகிக் கிடக்கிறது.

அழைப்பிதழில் எனக்கு இருபது நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். முப்பத்தாறு வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவனுக்கு இருபது நிமிடம் வருகைப் பதிவு எடுக்கவே காணாது. இருந்தாலும் கட்டுப்படப் பார்க்கிறேன். மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, இன்று நாம் நினைவுகூரும் எமில் கபான் என்ற படைக்குரு, அதாவது படையோடு போகும் பாதிரியார், யார். இரண்டு, துப்பாக்கி ஏந்தாமல் போர்க்களத்துக்குப் போகும் ஒரு குருவானவருக்குச் சட்டம் என்ன இடம் கொடுத்திருக்கிறது. மூன்று, நம் ராணுவத்தில் இருக்கும் மதகுருமார்.

போன வாரம் டீக்கடையில் ஒருவர் கேட்டார்: ‘ஏன் சார், கொரியாவுல செத்த அமெரிக்கச் சாமியாருக்கும் திருநெல்வேலிக்கும் என்ன வே சம்பந்தம்? நம்ம ஊர்ல செத்தவங்க இல்லையா?’ நியாயமான கேள்விதான். நானும் கோயிலுக்குப் போகிறவன், அதுவும் ஆனித் தேருக்கு வடம் தொட மட்டும். எனக்கே அந்தச் சாமியாரைப் பற்றி ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தப் பழமொழியை வைத்துத்தான் அவருக்குப் பதில் சொல்லப் பார்த்தேன். அதற்குள் டீ ஆறிவிட்டது. மிச்சத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

கபான் 1916 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் பில்சன் என்ற குக்கிராமத்துப் பக்கம் பிறந்தார். செக் நாட்டிலிருந்து பிழைக்கப் போன விவசாயிகள் தங்கள் பழைய ஊரின் பெயரையே புது ஊருக்கும் வைத்துக்கொண்டார்கள். நம் ஆட்கள் பம்பாயில் போய்க் குடியேறி அங்கேயும் ஒரு சின்னத் திருநெல்வேலியை உண்டாக்கிக்கொண்டார்களே, அது மாதிரி. வீட்டில் மாடு, கோதுமை, வறுமை. உடைந்ததைத் தூக்கிப் போடாமல் ஒக்கிட்டுப் பயன்படுத்தும் வழக்கம் அந்த வீட்டில் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1940இல் குருப்பட்டம் பெற்றார். 1944இல் படைக்குருவானார். 1945, 46 வருஷங்களில் அவர் வேலை பார்த்த இடம் எது தெரியுமா? பர்மாவும் இந்தியாவும். நம் தாத்தாமார் ரங்கூனுக்குக் கப்பலேறிப் போய், 1941 டிசம்பரில் குண்டு விழுந்ததும் மூட்டையைத் தலையில் வைத்துக் காடு மேடெல்லாம் நடந்தே திரும்பினார்களே, அதே பர்மாதான். சம்பந்தம் கேட்ட அண்ணாச்சி இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

போர் முடிந்தது, ஊருக்குப் போனார், படித்தார், 1948இல் மறுபடி படையில் சேர்ந்தார். 1950 ஜூலையில் கொரியப் போருக்குப் போனார். எட்டாவது குதிரைப்படை ரெஜிமென்ட். பெயரில்தான் குதிரை, எல்லாரும் நடைதான். இவருக்கு ஒரு ஜீப் இருந்தது. அது போனதும் எங்கேயோ ஒரு சைக்கிளைப் பிடித்து, அதிலேயே முன்னணி வரிசைகளுக்குப் போய் வந்திருக்கிறார். வாயில் எப்போதும் புகைக்குழாய். ஒரு தடவை எதிரியின் குண்டு அந்தக் குழாயை மட்டும் சிதற அடித்துவிட்டுப் போனது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1950 அக்டோபர் 7 அன்று எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. ஜீப்பின் முன்மூடிமேல் துணி விரித்து, அதையே பீடமாக்கித் திருப்பலி செய்துகொண்டிருக்கிறார். அந்தப் படத்தை வாசலில் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். வடை இருக்கும் மேசைக்கு நேர் மேலே. எண்ணெய்க் கையோடு தொட வேண்டாம்.

அதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் முதல், இரண்டாம் தேதிகளில் உன்சான் என்ற இடத்தில், வடகொரியாவுக்குத் துணையாக வந்த சீனப்படை சூழ்ந்துகொண்டது. தப்பிக்க முடிந்தவர்கள் தப்பித்தார்கள். அவருக்கும் வழி இருந்தது. காயம்பட்டவர்களை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று நின்றுவிட்டார். ஹெர்பர்ட் மில்லர் என்று ஒரு சார்ஜன்ட் கையெறி குண்டில் கணுக்கால் உடைந்து பள்ளத்தில் கிடக்கிறார். ஒரு சீனச் சிப்பாய் அவர் தலைக்கு நேரே துப்பாக்கியை வைத்துவிட்டான். கபான் பாட்டுக்கு நடந்து வந்து அந்தத் துப்பாக்கியைக் கையால் ஒதுக்கிவிட்டு, மில்லரைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சிப்பாய் ஏன் சுடவில்லை என்று மில்லருக்குக் கடைசிவரை புரியவே இல்லை. எனக்கும் புரியவில்லை.

அதற்கப்புறம் கைதிகளை வடக்கே நடத்திக்கொண்டு போகிறார்கள். பனி. நடக்க முடியாமல் பின்தங்கியவர்களைச் சுட்டுவிடுவார்கள். மில்லர் சொல்கிறார், ‘என்னை இறக்கிவிடுங்கள், உங்களால் முடியாது’ என்று. அதற்கு இவர், ‘இறக்கிவிட்டால் உன்னைச் சுட்டுவிடுவார்கள்’ என்றாராம். அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறமும் தோளில் தாங்கலாக வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

இறக்கிவிடுவது. இந்த ஒரு சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன். இது வந்ததும் எனக்கு எங்கள் ஆச்சி ஞாபகம் வந்துவிட்டாள். கொஞ்சம் அந்தப் பக்கம் போய்விட்டு வருகிறேன். தலைவர் மணி பார்க்க வேண்டாம்.

எங்கள் ஊர் நாங்குநேரிக்கும் மூலைக்கரைப்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது. ஆச்சிக்குக் கருப்பட்டி வியாபாரம். கடகப்பெட்டியில் கருப்பட்டியை அடுக்கி, மேலே ஓலையால் மூடி, பழைய சேலையைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, தலையில் ஏற்றினால் ஏழெட்டு மைல் சந்தைக்கு நடை. நான் பின்னாலேயே ஓடுவேன், ஒரு துண்டு கருப்பட்டிக்காக. வழியில் ஒரு வேப்பமரம், அதன் பக்கத்தில் ஒரு சுமைதாங்கிக் கல். இளைஞர்களுக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். இரண்டு கல்தூண், அதன்மேல் குறுக்கே ஒரு பட்டியக்கல். ஆள் தோளுயரம் இருக்கும். ஆச்சி நேரே போய், குனியாமல், கழுத்தை மட்டும் கொஞ்சம் சாய்த்துப் பெட்டியைக் கல்மேல் நகர்த்திவிடுவாள். ஒரு பெருமூச்சு விடுவாள். சும்மாட்டை உதறி முகம் துடைப்பாள். ஒரு வெற்றிலை. பிறகு பெட்டிக்கு அடியில் தலையைக் கொடுத்து நிமிர்ந்தால் நடை தொடங்கிவிடும்.

ஒருநாள் கேட்டேன், ‘ஆச்சி, மரத்தடியில தரையில இறக்கி வச்சிட்டு நல்லா உக்காந்துட்டுப் போலாம்லா?’ அவள் சொன்னாள்: ‘ஏலே கூறுகெட்டவனே, இறக்கத யாரு வேணும்னாலும் இறக்கிப்புடலாம். திரும்ப ஏத்திவிடத்தான் ஆளு வேணும். நீயா ஏத்திவிடப் போற?’

அப்போதுதான் எனக்கு அந்தக் கல் புரிந்தது. தலைச்சுமையைத் தரையில் இறக்கினால் தனியாளாக மறுபடி தூக்கி வைக்க முடியாது. ஆளரவம் இல்லாத ரோட்டில், ஏற்றிவிட இன்னொரு கை இல்லாத இடத்தில், அந்தக் கல்தான் இன்னொரு ஆள். எத்தனை உயரத்தில் நிறுத்த வேண்டும் என்பதை, சுமந்தவர்கள்தான் சொல்லியிருக்க முடியும். ஏசி அறையில் வரைபடம் போட்டிருந்தால் முழங்கால் உயரத்தில் வைத்திருப்பார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

அந்தக் கல்லை யார் வைத்தார்கள்? பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன ஒரு பெண்ணுக்காக அவள் வீட்டார் வைத்தது. வயிற்றுச் சுமையை இறக்காமலேயே போய்விட்டாளே, அவள் பேரில் நாலு பேர் தலைச்சுமை இறங்கட்டும் என்று நம் பக்கத்தில் வழிவழியாக வந்த வழக்கம் அது. பட்டியக்கல்லில் அவள் பெயரையும் வெட்டியிருந்தார்கள்.

சரி, கதை முடிந்ததா? இல்லை. சில வருஷங்களுக்கு முன் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வந்தார்கள். வேப்பமரம் ஒரே காலையில் காலி. நானும் ஓய்வு பெற்ற இரண்டு வாத்தியார்களும் மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், பென்ஷன் வாங்குகிறவன். அங்கே இருந்தவர் நான் கொடுத்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘என்ன சார் இது, கிரிக்கெட் ஸ்டம்ப் மாதிரி இருக்கு’ என்றார். நான் பொறுமையாக விளக்கினேன். ‘இப்ப யார் சார் தலையில சுமக்கிறா?’ என்றார். அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். மனுவில் ஒட்டிய நீதிமன்றக் கட்டண வில்லை ஐம்பது பைசா குறைகிறது என்றார். அங்கேதான் என் பொறுமை முடிந்தது. வில்லை வாங்கி ஒட்டிக்கொண்டு மறுநாள் போவதற்குள் ஜேசிபி வந்து போய்விட்டது.

கல் எங்கே போனது என்று தேடினோம் பாருங்கள், அது ஒரு தனிப் புராணம். ஒரு தூண், புரோட்டாக் கடையில் தண்ணீர்த் தொட்டிக்கு அண்டக்கொடுத்திருந்தது. இன்னொரு தூண் கடைசிவரை கிடைக்கவில்லை. பட்டியக்கல்லைக் காணவே காணோம். மூன்று மாதம் கழித்து, பக்கத்து ஊரில் ஒரு துட்டி வீட்டுக்கு, அதான் இழவு வீட்டுக்கு, போனபோது, வாசலில் சாக்கடையைத் தாண்ட ஒரு கல்லில் கால் வைத்தேன். கால் வைத்ததும் உள்ளங்காலில் ஏதோ நெருடியது. குனிந்து பார்த்தால் ஓரத்தில் பூவேலை. துட்டி வீடு என்றும் பார்க்காமல் நாலு பேரைக் கூப்பிட்டுக் கல்லைப் புரட்டினேன். வீட்டுக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். அடியில் எழுத்து. சேறு அப்பிக் கிடந்தது. ஈர்க்குமாறால் தேய்த்து, பக்கத்து வீட்டிலிருந்து கோலமாவு வாங்கித் தூவி, கையால் தடவினோம். மாவு பள்ளத்தில் இறங்கி ‘...யம்மாள் உபயம்’ என்று எழும்பி வந்தது. பெயரின் முன்பாதி உடைந்துபோய்விட்டது. இசக்கியம்மாளா, பேச்சியம்மாளா, மாடத்தியம்மாளா? எல்லாப் பெயரையும் சொல்லிப் பார்த்தோம். வாயில்லாப் பூச்சி மாதிரி அந்தக் கல் கிடக்கிறது. இப்போது என் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. என் மனைவி அதில் வடகம் காயப்போடுகிறாள். அதுவும் ஒரு சுமைதாங்கல்தான் என்று விட்டுவிட்டேன்.

மன்னிக்கவும், தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். கொரியாவுக்குத் திரும்புகிறேன்.

யாலூ ஆற்றங்கரையில் பியோக்டோங் என்ற ஊரில் கைதிகள் முகாம். 1950-51 குளிர்காலம். நமக்கு மார்கழியில் தலைக்கு மஃப்ளர் கட்டினாலே குளிர். அங்கே மூச்சு விட்டால் மீசையில் பனி உறையும். சாப்பாடு என்று கையளவு சோளமோ தினையோ கொடுப்பார்கள். வயிற்றுக்கடுப்பு வந்து ஆட்கள் சுருண்டு விழுகிறார்கள். ஒக்கிட்டுப் பயன்படுத்தும் வீட்டில் வளர்ந்தவர் என்று முதலில் சொன்னேன் அல்லவா? இடிந்த கூரையின் தகரத்தை எடுத்து, கல்லால் தட்டித் தட்டிச் சட்டியாக்கினார். அதில் பனியை உருக்கிக் கொதிக்க வைத்து, குடிக்கச் சுடுதண்ணீர் கொடுத்தார். கடுப்பு வந்தவர்களின் துணிகளை அவரே துவைத்தார். சீலைப்பேன் எடுத்துவிட்டார். ராத்திரியில் போய்க் காவலர்களின் தானியக் கிட்டங்கியிலிருந்து சோளம் திருடிக்கொண்டு வந்து பங்கு வைத்தார். போவதற்கு முன்னால், இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட நல்ல கள்ளன் திஸ்மாசிடம் வேண்டிக்கொண்டுதான் போவாராம். பங்குத்தந்தை அவர்கள் இதற்குச் சிரிக்கிறார். எங்கள் பக்கத்தில் கள்ளர்வெட்டு நடக்கும் கோயில்கூட உண்டு சாமி, எங்களுக்கு இது புதிதில்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்ற பழமொழி இந்த ஒரு மனுஷனிடம் மட்டும் தோற்றுப்போகிறது. காய்ச்சல் இருக்கும் இடத்தைத் தேடித் தேடிப் போனவர் அவர். கத்தோலிக்கன், மற்றவன் என்று பார்க்கவில்லை. குடிசை குடிசையாகப் போய் ஒரு நிமிடம் ஜெபம், ஒரு வாய்த் தண்ணீர், அடுத்த குடிசை. 1951 மார்ச் 25 ஈஸ்டர் அன்று விடியற்காலையில், காவலர்கள் தடுத்தும், வழிபாடு நடத்தினார்.

அந்த ஈஸ்டருக்கு இரண்டு நாள் முன்னால், பெரிய வெள்ளிக்கிழமை, அதே கொரியாவில் முன்சானி என்ற இடத்தில் அமெரிக்க வான்குடைப் படையோடு சேர்ந்து நம் இந்தியர்களும் குதித்தார்கள். சுடுவதற்காக இல்லை, கட்டுப்போடுவதற்காக. 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற நம் மருத்துவப் படை. அதன் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். ஆற்காட்டைத் தன் பெயருக்கு முன்னால் வைத்திருந்தவர், மகாவீர் சக்கரம் பெற்றவர். அதற்கு முன்னால், 1950 டிசம்பரில் பியோங்யாங்கிலிருந்து எல்லாரும் அவசரமாகப் பின்வாங்கினார்கள். மருத்துவச் சாமான்களைப் போட்டுவிட்டு வர மனமில்லாமல், கேட்பாரற்றுக் கிடந்த ஒரு நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்து, அதில் தாங்களே தண்ணீர் ஊற்றி, கரி போட்டு, சாமான் முழுவதையும் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்கள் அவர்கள். டீக்கடை அண்ணாச்சி, சம்பந்தம் இன்னும் வேண்டுமா?

ஈஸ்டருக்குப் பிறகு கபானுக்கு நடக்க முடியவில்லை. காலில் ரத்தம் உறைந்துவிட்டது. அப்புறம் வயிற்றுக்கடுப்பு, நிமோனியா. ஆஸ்பத்திரி என்று ஒரு வீடு வைத்திருந்தார்கள். போனவர் திரும்பாத வீடு. அங்கே தூக்கிக்கொண்டு போகச் சொன்னபோது கூட இருந்தவர்கள் அழுதார்கள். நான் போக நினைத்த இடத்துக்குத்தான் போகிறேன், அங்கே போய் உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று அவர்தான் அவர்களைத் தேற்றினாராம். 1951 மே 23. முப்பத்தைந்து வயது. இன்றைய தேதி.

அவர் இறந்த பிறகு அந்த முகாமுக்கு ஜெரால்ட் ஃபிங்க் என்று ஒரு கடற்படைக் காலாட்படை விமானி கைதியாக வந்து சேர்ந்தார். அவர் யூதர். கபானைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் யாரைக் கேட்டாலும் கபான் கதை. அந்த மனுஷருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று, விறகுக் கட்டையை எடுத்து, கையில் கிடைத்ததை வைத்து மாதக்கணக்கில் செதுக்கி ஒரு சிலுவைச் சுரூபம் செய்தார். 1953இல் விடுதலையாகி வந்தவர்கள் அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். ஒரு யூதர், தான் பார்க்காத ஒரு கத்தோலிக்கக் குருவுக்குச் சிலுவை செதுக்குகிறார். ஹஜ்ரத் அவர்கள் இங்கே வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு அந்த விறகுக் கட்டைதான் ஞாபகம் வந்தது.

உடல் எங்கே போனது? முகாமுக்குப் பக்கத்திலேயே புதைத்துவிட்டார்கள். போருக்குப் பிறகு வந்த எலும்புகளில் பெயர் தெரியாதவர்களுடையதை ஹவாய்த் தீவில் ஹொனலுலு கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். அவரும் அங்கேதான் ‘அடையாளம் தெரியாதவர்’ என்று கிடந்திருக்கிறார். 2013இல் அந்த நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தார்கள், நம் பரம்வீர் சக்கரம் மாதிரி. அந்த விழாவுக்கு மில்லர் வந்திருந்தார். அப்போதும் உடல் எங்கே என்று யாருக்கும் தெரியாது. 2021 மார்ச்சில்தான் அடையாளம் கண்டார்கள். எழுபது வருஷம் கழித்து, செப்டம்பரில் விச்சிட்டா பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். 2025 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை, புனிதர் பட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு படியான வணக்கத்துக்குரியவர் நிலைக்கு உயர்த்த ஒப்புதல் கொடுத்தார்.

எழுபது வருஷம் பெயரில்லாமல் கிடந்தவருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. என் வீட்டு முற்றத்தில் ஒரு ‘...யம்மாள்’ இன்னும் பாதிப் பெயரோடு கிடக்கிறாள். இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

நாம் கல்லோடு பழகியவர்கள். போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் ஆறு படியாகச் சொல்கிறது: கல்லைத் தேடிக் காணும் காட்சி, அதைக் கொண்டுவரும் கால்கோள், நீராட்டும் நீர்ப்படை, நடுதல், பெரிய படையலிடும் பெரும்படை, வாழ்த்து. கட்டபொம்மனை 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிட்ட இடத்தில், போகிற வருகிற ஆட்கள் ஆளுக்கு ஒரு கல்லைப் போட்டு மேடாக்கினார்கள் என்று சொல்வார்கள். சிலை எல்லாம் பின்னால் வந்ததுதான். முதலில் வந்தது வழிப்போக்கன் போட்ட கல். அந்த வழிப்போக்கனின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

சுமைதாங்கி மட்டும் மற்ற நினைவுக் கல்லிலிருந்து வேறுபட்டது. நடுகல் முன்னால் நின்று கும்பிடலாம். சிலைக்கு மாலை போடலாம், அப்புறம் காக்காய் பார்த்துக்கொள்ளும். சுமைதாங்கியில்தான் இறந்தவர் இன்னும் வேலை பார்க்கிறார். இறந்த பிறகும் ரோட்டோரம் தோளுயரத்தில் நின்று, ‘கொடு, நான் வாங்கிக்கிடுதேன்’ என்கிறார். மில்லரைத் தோளில் வாங்கியவருக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன கல் வைப்பது?

இரண்டாவதாகச் சட்டம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஜெனிவா உடன்படிக்கைப்படி படைக்குரு போராளி அல்ல. பிடிபட்டாலும் அவரைப் போர்க்கைதிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கைதிகளுக்கு ஊழியம் செய்யத்தான் நிறுத்திவைக்கலாம். இதில் நிறைய விவரம் இருக்கிறது, இன்னொரு கூட்டத்தில் விரிவாகப் பார்ப்போம். மூன்றாவது நம் ராணுவத்து மதகுருமார். பண்டிதர், மௌல்வி, சீக்கியர்களுக்குக் கிரந்தி, பாதிரியார் என்று ரெஜிமென்ட்டுக்கு ஏற்ப வைத்திருக்கிறார்கள். பல இடங்களில் ஒரே கூரைக்கடியில் எல்லா மத வழிபாடும் நடக்கும். இதைச் சுபேதார் மேஜர் அண்ணாச்சி என்னைவிட நன்றாகச் சொல்வார். நேரம் இருந்தால் சொல்லச் சொல்லுங்கள்.

மாமன்ற உறுப்பினர் தங்கை எழுந்துவிட்டார். ஒரு நிமிடம் தாயீ, இதோ முடித்துவிட்டேன்.

எங்கள் கோரிக்கை எளிது. ஒன்று, திருநெல்வேலிச் சீமையில், இன்றைக்கு மூன்று மாவட்டமாகப் பிரிந்திருக்கும் இந்தப் பகுதி முழுவதிலும், மிச்சமிருக்கும் சுமைதாங்கிக் கற்களைக் கணக்கெடுக்க வேண்டும். நாங்குநேரி, வள்ளியூர், திசையன்விளை, அம்பாசமுத்திரம் என்று நாங்களே நடந்து போய்ப் படமெடுக்கத் தயார். அந்தக் கணக்கு சாலை போடுகிறவர்கள் கையில் இருக்க வேண்டும். ரோடு அகலமாகட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? கல்லைப் பத்தடி தள்ளி நட்டுவிட்டுப் போங்கள். கிரேன் உங்களிடம் இருக்கிறதே. இரண்டு, இந்தப் பகுதியிலிருந்து படைக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக, பெரிய ரோட்டோரமாக, நிழல் உள்ள இடமாகப் பார்த்து, ஒரு புதுச் சுமைதாங்கி வேண்டும். பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. இப்போது யார் தலையில் சுமக்கிறார்கள் என்று கேட்பவர்கள், காலை ஐந்து மணிக்கு வண்ணார்பேட்டை மேம்பாலத்துக்கு அடியில் வந்து பார்க்கட்டும். பூக்கூடை, கீரைக்கட்டு, மீன்பெட்டி, தயிர்ப்பானை எல்லாம் தலையில்தான் வருகிறது. ஆட்டோவுக்குக் காத்திருக்கும் அந்த அக்காமார் கூடையைத் தரையில் இறக்குவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? ஏற்றிவிட ஆள் கிடைக்காது. ஆன்லைனில் சாப்பாடு கொண்டுவரும் பையன்களும் முதுகில் பெட்டியோடுதான் நிற்கிறார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்றால், ஒருநாள் அந்தக் கூடையை வாங்கித் தலையில் வைத்துப் பார்க்கட்டும்.

கல்லில் என்ன பெயர் எழுதுவது என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை. முன்னாள் வீரர்கள் பட்டியல் தயாரிக்கிறார்கள். சமையல்காரர், துப்புரவுப் பணியாளர், ஸ்ட்ரெச்சர் தூக்கியவர், மதகுரு என்று துப்பாக்கி பிடிக்காதவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. மைத்துனர் எதிர்க்கட்சி. கபான் பெயரை எழுதக் கூடாது, அவர் நம் ஊர்க்காரர் இல்லை என்கிறார். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அவர் பெயரை இன்று மாலை இங்கே சொல்லிவிட்டோம். ஆனால் அந்த ‘...யம்மாள்’ கல்லை என் முற்றத்திலிருந்து எடுத்துக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன், புதுத் தூண்களுக்கு மேலே வைக்க. வடகத்துக்கு வீட்டில் வேறு ஏற்பாடு பண்ணிக்கொள்ளச் சொல்லியாயிற்று.

வாசலில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கிறது. பெயர், ஊர், கையெழுத்து. உங்கள் ஊர்ப் பக்கம் சுமைதாங்கி ஏதாவது நின்றால், எந்த ரோட்டில், எந்த மரத்துக்குப் பக்கத்தில் என்று கடைசிப் பத்தியில் எழுதிவிடுங்கள். கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் வடை. பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம், யாரும் மறந்துபோய்ச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விடாதீர்கள். போன கூட்டத்தில் இரண்டு போய்விட்டது.

தங்கை, உங்கள் கையெழுத்து முதலில். வணக்கம்.